மின்மிதிவண்டி ஓட்டுவோருக்கான சட்டமும் பாதுகாப்பும்: சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாதாரண சைக்கிளுக்கே ஆண்டுதோறும் வரி கட்டி, அதற்கு அடையாளமாகத் தந்த வில்லையை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்த காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. இரவில் விளக்கில்லாமல் போனாலும் பின்னால் ஒருவரை ஏற்றி ‘டபுள்ஸ்’ போனாலும் காவலரிடம் மாட்டிக்கொள்ள நேரிடும் என்ற அச்சம் அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் இருந்தது. இன்று மோட்டாரும் பேட்டரியும் பொருத்திய சைக்கிள்கள் வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் சோழிங்கநல்லூரிலும் சாலைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றைப் பற்றிய சட்ட அறிவு, கடை வாசலில் தொங்கும் ‘லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்’ என்ற பலகையோடு நின்றுவிடுகிறது. அந்தப் பலகை சொல்வது சில வண்டிகளுக்கு உண்மை, சில வண்டிகளுக்குப் பொய். உங்கள் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நீங்களே சோதித்து அறிந்துகொள்வதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதல் படி: உங்கள் வண்டி சட்டத்தின் பார்வையில் எது என்று தீர்மானியுங்கள்

பெட்ரோல் இல்லாமல் ஓடுவதால் மட்டும் எந்த வண்டிக்கும் விலக்கு கிடைத்துவிடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, எந்திர விசையால் சாலையில் இயங்கும் எல்லாவற்றையும் மோட்டார் வாகனம் என்றே கருதத் தொடங்கி, அதன்பின் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. மின்வண்டிகளுக்கான விலக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல், பேட்டரியால் இயங்கும் வாகனம் என்பதை வரையறுக்கும் 2-ஆவது விதியில் இருக்கிறது. அந்த விலக்கு இரண்டு வகை வண்டிகளுக்குப் பொருந்தும்.

முதலாவது, மிதிக்க மிதிக்க மோட்டார் துணைக்கு வரும் மிதிவண்டி. இதன் மோட்டாருடைய முப்பது நிமிட ஆற்றல் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து, 25-ஐத் தொட்டதும் முற்றிலும் நின்றுவிட வேண்டும். ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். தகுந்த பிரேக்குகளும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என ஒளியைத் திருப்பியனுப்பும் பிரதிபலிப்பான்களும் இருக்க வேண்டும். இரண்டாவது, மிதிக்காமல் கைப்பிடி த்ராட்டிலை முறுக்கினாலே ஓடும் சிறு வண்டி. இதற்கும் அதே 0.25 கிலோவாட் வரம்பு உண்டு. உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

இந்த எண்களைவிட முக்கியமான ஒரு நிபந்தனையைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மேற்சொன்ன அளவுகள் அனைத்தும், விதி 126-இல் குறிப்பிடப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றால் சரிபார்க்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருந்தால்தான் விலக்கு உயிர்பெறும். புணேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்றவை இத்தகைய நிறுவனங்கள். நம் ஊருக்கு அருகே ஒரகடத்திலும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்ற சோதனை மையம் இருக்கிறது. ஆகவே, வண்டியின் மீது ‘250 வாட்’ என்று ஒட்டியிருப்பதாலேயே அது விலக்குப் பெற்ற வண்டி ஆகிவிடாது. ஒட்டுச்சீட்டு விற்பவரின் சொல். சான்றிதழ்தான் சட்டம் ஏற்கும் சொல்.

முப்பது நிமிட ஆற்றல் என்பது மோட்டார் இடைவிடாமல் அரை மணி நேரம் தாங்கிக் கொடுக்கக்கூடிய திறன். மேடேறும்போது சில நொடிகள் அது இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். விளம்பரத்தில் ‘500 வாட் பீக்’ என்று பார்த்தால் உடனே பயப்படவும் வேண்டாம், ‘அதெல்லாம் பீக்தான் சார்’ என்ற பதிலில் மயங்கவும் வேண்டாம். சான்றிதழில் எழுதியுள்ள எண்ணைக் கேளுங்கள்.

இந்த இரண்டு வகைக்குள் அடங்காத எந்த மின் இருசக்கர வண்டியும் மோட்டார் வாகனமே. அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவு, பச்சை நிற எண் பலகை, ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு, தலைக்கவசம் ஆகிய அனைத்தும் கட்டாயம்.

இரண்டாம் படி: பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

வண்டியின் மாடல் பெயர் தெளிவாக எழுதிய சோதனைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். நீங்கள் வாங்கும் மாடலும் சான்றிதழில் உள்ள மாடலும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், ஏனெனில் ஒரே குடும்பப் பெயரில் 25-இல் நிற்கும் வண்டியும் 45 போகும் வண்டியும் அருகருகே விற்கப்படுவது உண்டு. ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில்லில் சட்டக எண், மோட்டார் எண், பேட்டரியின் வரிசை எண் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். கடைக்காரர் ‘உரிமம் தேவையில்லாத வண்டி’ என்று வாயால் சொல்வதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கமே உங்களுக்கான பதில்.

பழைய சைக்கிளில், சக்கரத்தின் நடுவே அமரும் ஹப் மோட்டாரும் அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் பொருத்தி ஓட்டும் பழக்கமும் பெருகியிருக்கிறது. தொழில்நுட்ப ஆர்வமுள்ளவர்களுக்கு அது இனிய வேலைதான். நானும் அந்த ஆசைக்கு ஆட்பட்டவனே. ஆனாலும் சட்டப்படி பார்த்தால், தனியாக வாங்கிய கிட்டை மாட்டிய சைக்கிளுக்கு முழு வண்டி என்ற அளவில் சோதனை ஒப்புதல் கிடையாது. 250 வாட்டுக்குள் இருந்தாலும் விலக்கை நிரூபிக்கும் காகிதம் உங்களிடம் இருக்காது. 350 வாட், 750 வாட் கிட்டுகளைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கே இடமில்லை.

மூன்றாம் படி: வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றாதீர்கள்

நான் வண்டி பார்க்கப் போன ஒரு கடையில், கைப்பிடிக்குக் கீழே தொங்கிய மெல்லிய ஒயர் ஒன்றைக் காட்டி, “இந்த ஜாயின்ட்டைப் பிரிச்சிட்டா நாப்பது போகும் சார், வீட்டுக்குப் போய் நீங்களே பண்ணிக்கலாம்” என்று விற்பனையாளர் சலுகை சொல்வதைப் போலச் சொன்னார். பல கன்ட்ரோலர்களில் வேக வரம்பு உண்மையிலேயே இப்படி ஒரு ஒயர் இணைப்பில்தான் இருக்கிறது. சிலவற்றில் திரையின் அமைப்புப் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். செய்வது அத்தனை எளிது. அதன் விளைவோ அத்தனை எளிதன்று.

அந்த ஒயரைப் பிரித்த நொடியில் உங்கள் மிதிவண்டி சட்டத்தின் கண்ணில் பதிவு செய்யப்படாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனமாக மாறிவிடுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமமின்றி ஓட்டுவதற்கு 5,000 ரூபாய் அபராதம். பதிவில்லாமல் ஓட்டுவதற்கு முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை. காப்பீடு இல்லாமைக்கு முதல் முறை 2,000 ரூபாயோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு, செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப் பிரிவு 182ஏ இடம் தருகிறது. இவை மத்தியச் சட்டத்தில் உள்ள அளவுகள். சாலையில் நிறுத்தி வசூலிக்கும் சமரசக் கட்டணத்தை மாநில அரசு தனி ஆணையால் நிர்ணயிக்கிறது.

அபராதத்தைவிடப் பெரியது நின்றடங்கும் தூரம். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 7 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் சுமாரான பிரேக்கோடு நிற்க மேலும் 6 மீட்டர். ஆக 13 மீட்டர். அதே வண்டி 40-இல் போனால் இந்தக் கூட்டல் 26 மீட்டரைத் தாண்டுகிறது. சைக்கிள் சட்டகமும் சைக்கிள் டயரும் சைக்கிள் பிரேக்கும் முதல் கணக்குக்காகச் செய்யப்பட்டவை.

நான்காம் படி: யார் ஓட்டலாம், என்ன அணிய வேண்டும்

விலக்குப் பெற்ற வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்பதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் வயது வரம்பும் அதற்குப் பொருந்தாது. இதை நம்பித்தான் பல பெற்றோர் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் போய்வர இதை வாங்கித் தருகிறார்கள். அவர்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். பிள்ளை ஓட்டுவது விலக்கின் எல்லையை மீறிய வண்டியாக இருந்துவிட்டால், பிரிவு 199ஏ-இன்படி குற்றவாளியாகக் கருதப்படுபவர் பெற்றோர் அல்லது வாகனத்தின் உரிமையாளர். 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் அதில் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடைக்காது. என் கருத்தில், த்ராட்டில் வண்டியைச் சிறுவர்களுக்குத் தரவே கூடாது. மிதித்தால் மட்டும் உதவும் வண்டியையும், சாதாரண சைக்கிளில் கை காட்டித் திரும்பவும் தோளுக்குப் பின்னால் பார்க்கவும் பழகிய பிள்ளைக்கு மட்டுமே தர வேண்டும்.

தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் பிரிவு 129 மோட்டார் சைக்கிளைப் பற்றியது. ஆகவே விலக்குப் பெற்ற மிதிவண்டிக்கு அது சட்டக் கட்டாயம் இல்லை. அப்படியிருந்தும் அணியுங்கள். மிதித்து ஓட்டும் வண்டிக்குக் காற்றோட்டமுள்ள சைக்கிள் தலைக்கவசம் போதும். மே மாத வெயிலில் முழுமுகக் கவசத்தோடு மிதிப்பது எவராலும் நெடுநாள் முடியாது. மிதிக்காமல் ஓடும் த்ராட்டில் வண்டிக்கு ஐஎஸ் 4151 தரக்குறியுள்ள இருசக்கர வாகனக் கவசமே பொருத்தம். பின்னால் ஆள் ஏற்றுவதைப் பொறுத்தவரை, கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் எழுதியிருக்கும். பெரும்பாலான கேரியர்கள் காய்கறிப் பைக்கானவை, வளர்ந்த மனிதருக்கானவை அல்ல.

ஐந்தாம் படி: புறப்படும் முன் இரண்டு நிமிடச் சோதனை

மின்மிதிவண்டி பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ எடை இருக்கும் என்பதால் பிரேக் கட்டைகள் சாதாரண சைக்கிளைவிட விரைவில் தேயும். இரு பிரேக்குகளையும் தனித்தனியாக அழுத்தி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்ததும் மோட்டார் துண்டிக்கப்படும் அமைப்பு உள்ள வண்டிகளில், அது வேலை செய்கிறதா என்று பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து வாரம் ஒரு முறை சோதியுங்கள். டயர் காற்று, பேட்டரிப் பூட்டு, முன்விளக்கு, பின்விளக்கு, பிரதிபலிப்பான்களில் படிந்த தூசி ஆகியவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விதி கேட்பது பிரதிபலிப்பானை மட்டும். தெருவிளக்கு எரியாத சாலையில் உங்களைக் காட்டப்போவது விளக்கு.

ஆறாம் படி: சென்னைச் சாலையில் ஓட்டும் முறை

விலக்குப் பெற்ற வண்டி மோட்டார் வாகனம் அன்று என்பதால் சாலையில் எந்தச் சட்டமும் தொடாது என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 281-ஆவது பிரிவு, பொதுவழியில் எந்த வாகனத்தையும் மனித உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் 106-ஆவது பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை. இவற்றில் ‘மோட்டார்’ என்ற நிபந்தனையே இல்லை. ஒருவழிப் பாதையில் எதிரே வருவதும் சிவப்பு விளக்கில் நழுவிப் போவதும் விபத்தில் முடிந்தால், ‘இது சைக்கிள்தானே’ என்ற வாதம் அங்கே உதவாது.

சாலையின் இடப்பக்கத்தில் செல்லுங்கள், ஆனால் விளிம்போடு ஒட்டிச் செல்லாதீர்கள். விளிம்பில்தான் மழைநீர் வடிகாலின் கம்பி மூடிகளும், தார் மட்டத்துக்குக் கீழே அமுங்கிய மேன்ஹோல் மூடிகளும், மணலும், திடீரென்று திறக்கும் வண்டிக் கதவுகளும் இருக்கின்றன. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நேர்கோட்டில் போவது, பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து போவதைவிடப் பின்னால் வருபவருக்குத் தெளிவு. நிறுத்தத்தை நோக்கி இடப்பக்கம் ஒதுங்கும் மாநகரப் பேருந்துக்கும் நடைமேடைக்கும் இடையே உள்ள சந்தில் நுழையவே நுழையாதீர்கள். பேருந்து நின்றால் நீங்களும் பின்னால் நில்லுங்கள். தண்ணீர் லாரியின் இடப்பக்கமும் அப்படியே.

மின்மிதிவண்டிக்கென்றே உள்ள ஒரு சிக்கல், மற்றவர்கள் உங்கள் வேகத்தைத் தவறாகக் கணிப்பது. கைகாட்டிக் குறுக்கே கடக்கும் மூதாட்டியும், தெருமுனையிலிருந்து வண்டியை வெளியே எடுப்பவரும் உங்களைப் பார்த்ததும் ‘சைக்கிள்தான், மெதுவாக வரும்’ என்று முடிவு செய்துவிடுவார்கள். நீங்கள் சத்தமே இல்லாமல் அவர்கள் நினைத்ததைவிட இரு மடங்கு வேகத்தில் வந்து நிற்பீர்கள். தெருமுனைகளில் மணி அடிப்பதும், மோட்டார் உதவியைக் கீழ்நிலைக்கு இறக்குவதும் இதனால்தான் தேவை.

அண்ணா சாலை, ஜிஎஸ்டி சாலை, பழைய மகாபலிபுரம் சாலை ஆகியவற்றில் மற்ற வண்டிகளின் வேகம் உங்களைவிட மிக அதிகம். சர்வீஸ் சாலை இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். கத்திப்பாரா போன்ற பல அடுக்குச் சந்திப்புகளைத் தவிர்க்க ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் நட்டமில்லை, மிதிப்பது பாதி மோட்டார்தானே. பெரிய சிக்னலில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் நேராகக் கடந்து, எதிர்முனையில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அந்தத் திசைக்குப் பச்சை விழும்போது போகலாம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்புகள் வைத்துச் சுருக்கிய சாலைகளில் மற்ற வண்டிகள் உங்களை முந்த இடமிருக்காது. அங்கே தயக்கமின்றித் தடத்தின் நடுவே செல்லுங்கள்.

ஏழாம் படி: வடகிழக்குப் பருவமழைக் காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 27.5 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹப் மோட்டாரின் அடிப்பகுதி அதைவிடச் சுமார் பத்து சென்டிமீட்டர் கீழே. ஆகவே தேங்கிய நீர் கணுக்காலைத் தாண்டினால் இறங்கித் தள்ளுங்கள், முழங்காலை நெருங்கினால் திரும்பிவிடுங்கள். துரைசாமி சுரங்கப்பாதையும் கணேசபுரம் சுரங்கப்பாதையும் மழையில் என்ன ஆகும் என்று இந்த ஊரில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கையேட்டில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் அது நீர்த்தெறிப்பைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் தரம், அதுவும் பெரும்பாலும் பேட்டரிப் பெட்டிக்கு மட்டும், முழு வண்டிக்கு அன்று. நீரில் மூழ்கிய பேட்டரியை உலர்த்திவிட்டுச் சார்ஜ் போடுவது, நான் அறிந்த முட்டாள்தனங்களில் முதன்மையானது. சர்வீஸ் மையத்தில் சோதித்த பிறகே தொடுங்கள்.

எட்டாம் படி: பேட்டரியும் சார்ஜிங்கும்

சாலையைவிட வீட்டுக்குள் நேரக்கூடிய ஆபத்து கொடியது என்பதால் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகை சூழ்ந்ததில் ஒரு தந்தையும் பள்ளி மாணவியான அவருடைய மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். மிதிவண்டியின் பேட்டரி சிறியது. அதற்குள் இருக்கும் லித்தியம் செல் அதே இனத்தைச் சேர்ந்தது. ஒரு செல் சூடேறிக் கட்டுப்பாடிழந்தால் பக்கத்துச் செல்லையும் பற்ற வைக்கும். வெளிவரும் புகை நச்சு.

ஆகவே, தூங்கும் அறையிலும், வெளியே ஓடுவதற்கான ஒரே வழியான வாசலிலோ மாடிப்படியின் கீழோ சார்ஜ் போடாதீர்கள். சென்னை அடுக்ககங்களில் மாடிப்படிக்கு அடியில்தான் எல்லா வண்டியும் நிற்கும் என்பது தெரிந்ததே; பேட்டரியைக் கழற்றி எடுத்துச் சென்று, காற்றோட்டமுள்ள பால்கனியில், வெயில் படாத மூலையில், தரை ஓட்டின் மீது வைத்து, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். மெத்தை, செய்தித்தாள் கட்டு, கேஸ் சிலிண்டர் எதுவும் அருகில் வேண்டாம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜரில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மின்சாரம் அரை யூனிட்டே செலவாகும். மாலை ஆறு மணிக்குப் போட்டால் படுக்கைக்குமுன் முடிந்துவிடும்.

வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தரும், 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். இரண்டின் முனையும் ஒன்றுபோலவே இருக்கக்கூடும் என்பதால், வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் சார்ஜர்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சார்ஜ் செய்யக் கூடாது. கத்திரி வெயிலில் ஓட்டிவந்த பேட்டரி அந்த எல்லையைத் தொட்டிருக்கலாம், அரை மணி நேரம் ஆறவிடுங்கள். உப்பிய, கீழே விழுந்து நசுங்கிய, சார்ஜ் ஆகும்போது வாடை வரும் பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். உள்ளே செல் மாற்றித் தருவதாகச் சொல்லும் மலிவுக் கடைகளுக்கும் அதைக் கொண்டுபோகாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன. புகை வந்துவிட்டால் அணைக்க முயலாமல் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள்.

ஒன்பதாம் படி: காவலர் நிறுத்தினால், விபத்து நேர்ந்தால்

விலக்குப் பெற்ற வண்டிக்கு ஆர்சி புத்தகம் இல்லை; எனவே அதற்குப் பதிலாகப் பில், சோதனைச் சான்றிதழ், மோட்டாரின் பெயர்த்தகடு ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் வைத்திருங்கள். நிறுத்தும் காவலர் எல்லோருக்கும் இந்த விதி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘சார், இது இருபத்தைந்துக்கு மேல் போகாத வண்டி, சான்றிதழ் இருக்கிறது’ என்று பணிவாகக் காட்டினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

விபத்து நேர்ந்தால் முதலில் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, நிர்ணயிக்கப்பட்ட வரம்பு வரை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மருத்துவமனையில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் வாகனம் உங்கள் மீது மோதியிருந்தால், அந்த வாகனத்தின் காப்பீட்டின்படி நீங்கள் மூன்றாம் நபர். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கோரலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டியாயின், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் தரும் மத்தியத் திட்டம் உண்டு. நீங்களே ஒரு பாதசாரியின் மீது மோதிவிட்டாலோ நிலைமை தலைகீழ். காப்பீடு கட்டாயமில்லாத வண்டி என்பது கட்டணம் மிச்சமான வண்டி மட்டுமல்ல. அவருடைய சிகிச்சைக்கான பொறுப்பு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டிய வண்டியும்கூட. நாள்தோறும் நெரிசலில் ஓட்டுபவர் தனிநபர் விபத்துக் காப்பீடும், பிறருக்கு நேரும் இழப்பை ஏற்கும் பாலிசியும் கிடைக்கிறதா என்று முகவரிடம் விசாரிப்பது நல்லது.

‘உரிமம் வேண்டாம்’ என்று விற்றது பொய்யென்று பின்னால் தெரியவந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது, இரண்டாம் படியில் எழுதி வாங்கச் சொன்ன அந்த ஒரு வரி.

வண்டியை விற்கும்போதும் இதே காகிதங்கள் தேவைப்படும். பெயர் மாற்ற ஆர்டிஓ பதிவேடு எதுவும் இல்லாததால், வாங்குபவரின் அடையாள அட்டை நகல், தேதி, நேரம், சட்டக எண் ஆகியவற்றோடு ஒரு விற்பனைக் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி திருடு போனாலும் காவல் நிலையத்தில் கேட்பது அந்தச் சட்டக எண்ணைத்தான். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் அதை இன்றே துடைத்துப் படமெடுத்து வையுங்கள்.